கேட்ச் விடாதவர்தான் நல்ல ஃபீல்டரா? ஸ்கோர் கார்டில் வராத ரன்களை எண்ணுவது எப்படி?

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, டென்னிஸ் பந்து நிச்சயம் பறக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இருக்கும் அந்தக் கணவாய் வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்கும் அதுதான் காரணம். அந்தக் காற்றில் பேட்ஸ்மேன் தூக்கி அடித்த பந்து, லாங் ஆனில் நிற்பவரின் கைக்கு நேராக வருவது போலவே தெரியும். இறங்கும்போது பத்தடி தள்ளி இறங்கும்.

அப்படி ஒரு மைதானத்தில் ஆடும் டீமில் ரெண்டு ஃபீல்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கைக்கு வரும் பந்தை விடவே மாட்டார். ஆனா கைக்கு வராத பந்துக்கு ஓடவும் மாட்டார். இன்னொருவர் முப்பது அடி ஓடிப்போய் டைவ் அடிப்பார். சிலதைப் பிடிப்பார், சிலதை விடுவார். "அவனா, கேட்ச் விடுவானே" என்ற பெயர் இரண்டாமவருக்குத்தான் வரும். டீமில் ஒரு இடம்தான் காலி என்றால், வெளியே உட்காரப் போவதும் பெரும்பாலும் அவர்தான்.

இது நியாயமா என்ற கேள்விக்கு கிரிக்கெட் இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறது. கிரிக்கெட்டின் தூரத்துச் சொந்தமான பேஸ்பால் இதே கேள்வியோடு பல தலைமுறையாக மல்லுக்கட்டி, ஓரளவு உருப்படியான ஒரு கணக்கைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு என்ன, அது நம்ம ஊர் ஆட்டத்துக்குப் பொருந்துமா என்று பார்ப்போம்.

ஸ்கோர் கார்டு எதை மறைக்கிறது?

1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இந்தியா எடுத்தது வெறும் 183. விவியன் ரிச்சர்ட்ஸ் 28 பந்துகளில் 33 ரன் எடுத்து வெளுத்துக்கொண்டிருந்தார். மதன்லால் வீசிய பந்தை அவர் தூக்கி அடிக்க, மிட் விக்கெட் பக்கம் உயரே போனது. கபில்தேவ் பவுண்டரியை நோக்கித் திரும்பி ஓடி, தோளுக்கு மேலே பந்தைப் பார்த்தபடியே பிடித்தார். வெஸ்ட் இண்டீஸ் 140 ரன்னில் ஆல் அவுட்.

ஸ்கோர் கார்டில் அந்தக் கேட்ச் எப்படிப் பதிவானது? 'கேட்ச் கபில்தேவ், பௌலிங் மதன்லால், 33'. அவ்வளவுதான். பந்து நேராகக் கபிலின் மடியில் வந்து விழுந்திருந்தாலும் இதே வரிதான் எழுதப்பட்டிருக்கும்.

இதற்கு நேர் எதிரான காட்சியைச் சென்னை பார்த்தது. 2023 அக்டோபர் 8, சேப்பாக்கம். ஆஸ்திரேலியா 199 ரன்னில் சுருண்டது. ஆனா இந்தியா 2 ரன்னுக்கு 3 விக்கெட். விராட் கோலி 12 ரன்னில் இருந்தபோது ஹேசில்வுட் பந்தைப் புல் ஆட, பந்து கொடியேறுவது போல மேலே போனது. மிட் விக்கெட்டில் இருந்து ஓடிவந்த மிட்செல் மார்ஷ் கையில் பட்டு விழுந்தது. கோலி 85 எடுத்தார், கே.எல்.ராகுல் ஆட்டமிழக்காமல் 97 எடுத்தார், இந்தியா 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அந்தப் போட்டியின் ஸ்கோர் கார்டைத் தலைகீழாகப் புரட்டினாலும் மார்ஷ் விட்ட கேட்ச் கிடைக்காது.

விட்ட கேட்சாவது ரசிகர் மனதில் நிற்கும். அதைவிட மோசமான இன்னொன்று இருக்கிறது. ஃபீல்டர் தாமதமாகக் கிளம்பியதால் அவருக்கு எட்டாமல் போன பந்து. அதை யாரும் 'டிராப்' என்று சொல்வதில்லை. டிவி ரீப்ளேயில்கூட 'நல்ல ஷாட், கேப்ல விழுந்துருச்சு' என்று பேட்ஸ்மேனுக்குப் பாராட்டு போய்விடும். ஒரு ஃபீல்டர் தன் டீமுக்குச் செய்யும் பெரும்பாலான நஷ்டம் இப்படிச் சத்தமில்லாமல்தான் நடக்கிறது.

கேட்ச் எண்ணிக்கையை வைத்துச் சொல்லலாமே?

சொல்லலாம். ஆனா அது ஃபீல்டரின் திறமையைச் சொல்வதைவிட, அவர் எங்கே நின்றார் என்பதைத்தான் அதிகம் சொல்லும்.

டெஸ்ட் போட்டிகளில் ராகுல் டிராவிட் பிடித்த கேட்ச் 210. விக்கெட் கீப்பர் அல்லாதவர்களில் நீண்ட காலம் அதுதான் சாதனை. 2025 ஜூலையில் அதே லார்ட்ஸில் ஜோ ரூட் அதைத் தாண்டினார். இருவரும் பெரும்பாலும் ஸ்லிப்பில் நின்றவர்கள். அங்கே பந்து தானாகத் தேடி வரும். பவுண்டரி லைனில் நாள் முழுக்க ஓடி நாலு நாலாகத் தடுத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த வாய்ப்பே வராது. அதற்காக டிராவிட் சாதாரண ஃபீல்டர் என்று அர்த்தமில்லை. 210 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்லிப்காரரையும் பவுண்டரிக்காரரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது, அவ்வளவுதான்.

சரி, மொத்த எண்ணிக்கை வேண்டாம், போட்டிக்கு எத்தனை என்று பார்க்கலாமா? ஏக்நாத் சோல்கர் 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்தார். பேட்ஸ்மேனின் மூக்குக்குக் கீழே, ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில், ஹெல்மெட் இல்லாத காலத்தில் நின்றவர். 1971 ஓவல் டெஸ்டில் நம்ம எஸ்.வெங்கட்ராகவன் பந்தில் ஆலன் நாட் கொடுத்த கேட்சை சோல்கர் பாய்ந்து பிடித்தது இன்றும் பேசப்படுகிறது. இங்கிலாந்து 101 ரன்னில் சுருண்டு, அந்த மண்ணில் இந்தியா முதல் டெஸ்ட் தொடரை வென்றது. அந்த விக்கெட் யார் கணக்கில் இருக்கிறது? வெங்கட்ராகவன் கணக்கில். வேறொருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் அது விக்கெட்டே ஆகாமல் போயிருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. சோல்கருக்கு அத்தனை வாய்ப்பு வந்ததற்குக் காரணம், பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்று வரிசையாகச் சுழற்பந்து வீச்சாளர்கள் இருந்தது. 2015-இல் காலி டெஸ்டில் அஜிங்க்ய ரஹானே ஒரே போட்டியில் 8 கேட்ச் பிடித்து உலக சாதனை செய்தாரே, அதே போட்டியில் அஸ்வின் எடுத்தது 10 விக்கெட். பௌலர் இல்லாமல் ஃபீல்டர் இல்லை, ஃபீல்டர் இல்லாமல் பௌலர் இல்லை. இந்தச் சிக்கலைப் பிரிப்பதுதான் கணக்கின் வேலை.

பேஸ்பாலில் என்ன செய்தார்கள்?

பேஸ்பாலில் மைதானத்தின் பின்பகுதியை மூன்று பேர் காப்பார்கள். இடது, நடு, வலது என மூன்று அவுட்ஃபீல்டர்கள். நம்ம லாங் ஆன், லாங் ஆஃப், டீப் மிட் விக்கெட் ஆட்களைப் போலத்தான், கையில் ஒரு தோல் கையுறை மட்டும் கூடுதல். அடித்த பந்தைத் தரையில் படும் முன் பிடித்தால் அவுட். விழுந்தால், பேட்டர் ஒன்று, ரெண்டு, சில சமயம் மூன்று பேஸ் வரை ஓடிவிடுவார்.

அங்கே நூறாண்டுக்கும் மேலாக ஒரு பழைய கணக்கு இருந்தது. மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரபூர்வ ஸ்கோரர், 'இது சாதாரணமாகப் பிடித்திருக்க வேண்டிய பந்து' என்று நினைத்தால் அதைப் 'பிழை' என்று எழுதுவார். பிழை எவ்வளவு குறைவோ, ஃபீல்டிங் சதவீதம் அவ்வளவு அதிகம். அவுட்ஃபீல்டர்களில் பெரும்பாலோருக்கு இது 98 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். எல்லாருமே 98 மார்க் வாங்கும் பரீட்சையில் யார் நல்ல மாணவர் என்று எப்படிச் சொல்வது? அதோடு, பந்துக்கு ஓடாமல் நின்றவருக்குப் பிழையே கிடையாது. ஓடித் தொட்டு விட்டவருக்குத்தான் கெட்ட பெயர்.

இந்த ஓட்டையை முதலில் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் ஒரு கிரிக்கெட் நிருபர் என்பது சுவாரசியம். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் 1824-இல் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா போன ஹென்றி சாட்விக், நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். பேஸ்பாலுக்கு ஸ்கோர் அட்டவணை எழுதும் முறையை வளர்த்தவரும் அவரே. குறைவாகத் தப்பு செய்பவரைவிட, அதிகப் பந்துகளை அவுட்டாக்குபவரே சிறந்த ஃபீல்டர் என்று அவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்டார். யாரும் கேட்கவில்லை.

நூறு வருஷம் கழித்து அதே வாதத்தைத் தூசி தட்டியவர் பில் ஜேம்ஸ். கன்சாஸ் மாநிலத்தில் பீன்ஸ் டப்பா தயாரிக்கும் ஆலையில் இரவுக் காவலாளியாக இருந்துகொண்டு, 1977 முதல் சொந்தமாகப் புள்ளிவிவரப் புத்தகம் போட்டு விற்றவர். ஒரு ஃபீல்டர் ஒரு போட்டிக்குச் சராசரியாக எத்தனை அவுட்டில் பங்கெடுக்கிறார் என்று பாருங்கள் என்றார். தப்பை விட்டுவிட்டுச் செய்ததை எண்ணும் கணக்கு. ஆனா இதிலும் சோல்கர் சிக்கல் உண்டு. உயரே அடிக்க வைக்கும் பிட்சர் இருந்தால், அவுட்ஃபீல்டருக்கு வாய்ப்பு தானாகக் கூடும்.

அடுத்த படிதான் விஷயத்தை மாற்றியது. 'மணிபால்' படம் பார்த்தவர்களுக்கு ஓக்லண்ட் அணியையும் பில்லி பீனையும் தெரியும். படத்தின் மூலமான மைக்கேல் லூயிஸின் புத்தகத்தில் ஒரு பகுதி வருகிறது. 2001 சீசன் முடிந்து, நடு அவுட்ஃபீல்டர் ஜானி டேமன் அணியை விட்டுப் போகிறார். அவர் போனால் ஃபீல்டிங்கில் எத்தனை ரன் நஷ்டம்? இதற்குப் பதில் தேட ஓக்லண்ட் நாடியது, பங்குச்சந்தையில் வேலை பார்த்த இருவர் உருவாக்கிய ஒரு முறையை. அடித்த பந்து ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில், எந்தப் பாதையில், மைதானத்தின் எந்தப் புள்ளிக்குப் போனது என்று பதிவு செய். இதே மாதிரி போன பழைய பந்துகளில் எத்தனை பிடிக்கப்பட்டன என்று பார். இப்போது இந்த ஆள் என்ன செய்தார் என்று ஒப்பிடு.

கேள்வியே மாறிப்போனதைக் கவனியுங்கள். 'பிடித்தாரா, விட்டாரா' என்பது போய், 'இவர் இடத்தில் வேறொரு சராசரி ஃபீல்டர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்' என்று வந்துவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு

முதலில் சொன்ன நம்ம ரெண்டு பேரையும் இந்தத் தராசில் ஏற்றுவோம். இது புரிவதற்காகப் போட்ட உதாரணம்தான்.

இருவருக்கும் ஒரு சீசனில் தலா 10 பந்துகள் உயரே வருகின்றன. அதில் 5 சுலபமானவை, சராசரி ஃபீல்டர் 100-க்கு 95 முறை பிடித்துவிடுவார். மீதி 5 கடினமானவை, 100-க்கு 20 முறைதான் பிடிப்பார். நிற்பவர் சுலபமான ஐந்தையும் பிடித்தார், கடினமானதற்குப் போகவே இல்லை. ஓடுபவர் சுலபமான ஐந்தையும் பிடித்தார். கடினமானதில் நாலைத் தொட்டு, ரெண்டைப் பிடித்து, ரெண்டை விட்டார்.

பழைய கணக்குப்படி நிற்பவர் 5-க்கு 5, நூறு சதவீதம். ஓடுபவர் தொட்ட 9-இல் 7, அதாவது 78 சதவீதம்.

புதிய கணக்கில் சராசரி ஃபீல்டர் இந்த 10 பந்தில் எத்தனை பிடித்திருப்பார்? சுலபமானதில் 4.75, கடினமானதில் 1, ஆக 5.75. நிற்பவர் பிடித்தது 5. சராசரியைவிட 0.75 குறைவு. ஓடுபவர் பிடித்தது 7. சராசரியைவிட 1.25 அதிகம். 'கேட்ச் விடுபவன்' என்று பெயர் வாங்கியவர், நூறு சதவீதக்காரரைவிட ரெண்டு விக்கெட் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்.

இப்போது அமெரிக்காவின் மேஜர் லீக் போட்டிகளில் இதை ஆள் வைத்து எண்ணுவதில்லை. 2015-இல் எல்லா மைதானங்களிலும் 'ஸ்டாட்காஸ்ட்' என்ற கண்காணிப்பு முறை வந்தது. 2020 முதல் அதற்குக் கண்ணாக இருப்பது ஹாக்-ஐ கேமராக்கள், மைதானத்துக்கு 12. ஆமாம், எல்பிடபிள்யூ ரீப்ளேயில் நாம் பார்க்கும் அதே ஹாக்-ஐ. கிரிக்கெட் பந்தைத் தொடர்ந்து பழகிய தொழில்நுட்பம்தான் அங்கே போய் ஃபீல்டரின் கால்களையும் தொடர்கிறது.

பந்து எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது, ஃபீல்டர் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்தது, முன்னால் ஓடினாரா பின்னால் ஓடினாரா, சுவர் குறுக்கிட்டதா என்று எல்லாம் பார்த்து, அந்தப் பந்து பிடிபட எத்தனை சதவீத வாய்ப்பு என்று கணினி சொல்லும். 25 சதவீதத்துக்கு உட்பட்ட வாய்ப்பு என்றால் அது 'ஐந்து நட்சத்திர' கேட்ச். 75 சதவீத வாய்ப்புள்ள பந்தைப் பிடித்தால் கணக்கில் 0.25 கூடும், விட்டால் 0.75 குறையும். எட்டாத பந்துக்கும் இதே விதிதான். அங்கேதான் ஓடாதவர் மாட்டிக்கொள்கிறார்.

கிளம்பும் வேகத்தைக்கூடப் பிரிக்கிறார்கள். முதல் 1.5 விநாடியில் எத்தனை அடி நகர்ந்தார், அடுத்த 1.5 விநாடியில் எவ்வளவு வேகம் பிடித்தார், போன வழி நேர்வழியா சுற்றுவழியா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாய்ந்து, உருண்டு, மண்ணைப் பூசிக்கொண்டு பிடிக்கும் கேட்ச்தான் ஹைலைட்ஸில் வரும். அதே பந்துக்கு அரை விநாடி முன்னால் கிளம்பியவர் நின்றபடியே பிடித்துவிட்டுப் போவார், யாரும் கைதட்ட மாட்டார்கள். கணக்கில் ரெண்டுக்கும் ஒரே மார்க்.

கேட்சை ரன்னாக மாற்றுவது எப்படி?

பேஸ்பாலில் அவுட்ஃபீல்டர் கூடுதலாக எடுக்கும் ஒரு அவுட் ஏறக்குறைய 0.9 ரன்னுக்குச் சமம் என்று வைத்திருக்கிறார்கள். 10 ரன் காப்பாற்றினால் சீசனில் ஒரு வெற்றி கூடும் என்பது பொதுவான கணக்கு. ஜான் டூவன் என்பவரின் குழு போட்டி வீடியோக்களைப் பந்து பந்தாகப் பார்த்து, ஒவ்வொரு ஃபீல்டரும் 'தடுத்துக் காப்பாற்றிய ரன்' எவ்வளவு என்று வெளியிடுகிறது. அதன் சுருக்கப்பெயரும் டிஆர்எஸ்தான். நம்ம டிஆர்எஸ்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2015-இல் டாம்பா பே அணியின் நடு அவுட்ஃபீல்டர் கெவின் கியர்மையர் அப்போதைய கணக்குப்படி 42 ரன் காப்பாற்றினார். பேட்டைத் தொடாமலே ஏறக்குறைய நாலு வெற்றி.

கிரிக்கெட்டில் இவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. 2014 நவம்பர் 13, ஈடன் கார்டன்ஸில் ரோஹித் சர்மா 4 ரன்னில் இருந்தபோது தேர்ட் மேனில் திசர பெரேரா கேட்சை விட்டார். ரோஹித் 264 அடித்தார். இலங்கை அணி மொத்தமே எடுத்தது 251. அப்படியானால் அந்த ஒரு கேட்சின் விலை 260 ரன்னா? மீம் போட நல்லா இருக்கும், கணக்குக்கு உதவாது. ரோஹித் அவுட்டாகியிருந்தால் அந்தப் பந்துகளை வேறு யாராவது ஆடி ஏதாவது எடுத்திருப்பார்கள். அதைக் கழித்துவிட்டுத்தான் நஷ்டத்தைச் சொல்ல வேண்டும். அதோடு, ரோஹித் 264 வரை போவார் என்பது பெரேராவின் தவறும் இல்லை. 4 ரன்னில் இருக்கும் யாருடைய கேட்சை விட்டாலும் சராசரியாக என்ன நஷ்டமோ, அதுதான் அவர் பற்றில் எழுத வேண்டிய தொகை.

2024 ஜூன் 29, பிரிட்ஜ்டவுன் இறுதிப் போட்டியில் சூர்யகுமார் யாதவ் பிடித்ததும் இப்படித்தான். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் தேவை. ஹர்திக் பாண்டியா வீசிய முதல் பந்தை டேவிட் மில்லர் லாங் ஆஃப் பக்கம் தூக்கினார். பவுண்டரி கயிற்றுக்கு இந்தப் பக்கம் பிடித்து, உள்ளே தூக்கிப்போட்டுவிட்டு வெளியே போய், திரும்பி வந்து பிடித்தார் சூர்யா. பிடிக்காவிட்டால் 5 பந்தில் 10 ரன், ஸ்ட்ரைக்கில் மில்லர். பிடித்ததால் 5 பந்தில் 16 ரன், மில்லர் இல்லை. இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. இதே கேட்சை லீக் சுற்றில், ரெண்டாவது ஓவரில் பிடித்திருந்தால்? திறமை அதேதான், கோப்பையின் மேல் அதன் எடை மட்டும் குறைவு. ஃபீல்டரை மதிப்பிடும்போது திறமையைப் பார்ப்பதா, நேரத்தைப் பார்ப்பதா என்பதில் பேஸ்பால்காரர்கள் திறமையின் பக்கம். அடுத்த சீசனில் அவரோடு கூட வருவது அதுதானே.

ஓடாத ரெண்டாவது ரன்

கேட்சைவிட எண்ணுவதற்குக் கஷ்டமானது த்ரோ. ஜடேஜா கையில் பந்து இருந்தால் பேட்ஸ்மேன் ரெண்டாவது ரன்னுக்கு யோசிப்பார். பல சமயம் ஓடவே மாட்டார். ரன் அவுட் கணக்கில் ஒன்றும் ஏறாது. பயந்து நின்ற ரன் எந்த அட்டவணையிலும் வராது. 1992 உலகக் கோப்பையில் இன்சமாமை ஸ்டம்பில் பாய்ந்து ரன் அவுட் செய்த ஜான்டி ரோட்ஸுக்கும் அதற்குப் பிறகு இதே 'பிரச்சினை'தான். அவர் பக்கம் யாரும் ரன் திருடத் துணியவில்லை. பேஸ்பாலில் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இதே இடத்தில் பந்து எடுக்கப்பட்டபோது மற்றவர்கள் கையில் எத்தனை ரன்னர்கள் அடுத்த பேஸுக்கு ஓடினார்கள், இவர் கையில் எத்தனை பேர் ஓடினார்கள் என்று ஒப்பிட்டால், பயத்துக்கும் ஒரு எண் கிடைத்துவிடும்.

கிரிக்கெட் இதை ஏன் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை?

முயற்சி இல்லாமல் இல்லை. பேஸ்பால் பயிற்சியாளரான மைக் யங்கை ஆஸ்திரேலியா தன் ஃபீல்டிங் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. தமிழ்நாட்டுக்காக ஆடிய ராபின் சிங் 2007 முதல் 2009 வரை இந்திய அணியின் ஃபீல்டிங் பயிற்சியாளராக இருந்தார். கிரிக்விஸ் போன்ற நிறுவனங்கள் ஃபீல்டிங்கில் காப்பாற்றிய ரன்னையும் கணக்கிடுகின்றன. 2023 உலகக் கோப்பையில் பயிற்சியாளர் டி.திலீப் ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் சிறந்த ஃபீல்டருக்குப் பதக்கம் கொடுத்தார். முதல் பதக்கம் அதே சேப்பாக்கம் போட்டிக்காகக் கோலிக்குப் போனது. பதக்கம் நல்ல விஷயம். ஆனா அது கண்ணால் பார்த்துக் கொடுப்பது. பேஸ்பாலின் 'கோல்டு கிளவ்' விருதும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. 2013 முதல்தான் அதில் ஏறக்குறைய 25 சதவீதம் புள்ளிவிவரத்துக்குப் போனது.

தடை எங்கே என்றால், அவுட்ஃபீல்டர் மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். நம்ம ஆட்டத்தில் கேப்டன் பந்துக்குப் பந்து ஆளை நகர்த்துவார். சுற்றிலும் 360 டிகிரி மைதானம், அதை ஒன்பது ஃபீல்டர்களை வைத்து அடைக்க வேண்டும். ஃபீல்டர் எங்கிருந்து கிளம்பினார் என்று தெரியாமல் எவ்வளவு ஓடினார் என்று சொல்ல முடியாது. டிவி கேமராவோ பந்து மேலே போன பிறகுதான் அவர் பக்கம் திரும்பும். இன்னொன்று, மேஜர் லீக் அணி ஒரு சீசனில் 162 போட்டி ஆடுகிறது. அப்படி இருந்தும் ஒரு அவுட்ஃபீல்டரின் எண்ணை நம்ப மூன்று சீசனாவது பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஐபிஎல் லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 போட்டி. அதில் ஒரு லாங் ஆன் ஃபீல்டருக்குக் கடினமான கேட்ச் எத்தனை வந்துவிடும்?

போதாக்குறைக்கு 2023-இல் ஐபிஎல்லில் 'இம்பாக்ட் பிளேயர்' விதி வந்தது. ஓட முடியாத பேட்ஸ்மேன் பேட்டிங் மட்டும் ஆடிவிட்டு ஃபீல்டிங்குக்கு இறங்காமலே இருக்கலாம். ஃபீல்டிங்குக்கு விலை வைக்க வேண்டிய நேரத்தில், ஃபீல்டிங்கைத் தவிர்க்க வழி செய்து கொடுத்த விதி இது.

உள்ளூர் டீமில் செய்து பார்க்க முடியுமா?

கேமரா இல்லாமலே முடியும். ஒரு நோட்டும், எந்த டீமையும் சேராத ஒரு ஆளும் போதும். ஒரு ஃபீல்டரின் பக்கம் உயரே வரும் ஒவ்வொரு பந்தையும் மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 'யாரும் பிடிப்பான்' என்றால் 10-க்கு 9 வாய்ப்பு. 'பாதிக்குப் பாதி' என்றால் 5. 'பிடிச்சா அதிசயம்' என்றால் 1. முதல் வகையைப் பிடித்தால் 0.1 கூட்டி, விட்டால் 0.9 கழிக்க வேண்டும். இரண்டாவதற்குப் பிடித்தாலும் விட்டாலும் 0.5. மூன்றாவதைப் பிடித்தால் 0.9 கூட்டல், விட்டால் வெறும் 0.1 கழித்தல். கைக்கு எட்டாத பந்தையும் எழுதுவது முக்கியம். வகையை முடிவு செய்யும்போது பிடித்தாரா இல்லையா என்பதை மறந்துவிட்டுச் செய்ய வேண்டும். பிடித்துவிட்டால் எல்லாமே சுலபமாகத் தெரிவது மனித இயல்பு.

மைதானத்தையும் மறக்கக் கூடாது. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடது பக்கச் சுவர் 37 அடி உயரம். அங்கே நிற்கும் இடது அவுட்ஃபீல்டரின் எண்ணை மற்ற மைதானக்காரர்களோடு அப்படியே ஒப்பிட மாட்டார்கள். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் மிச்சிகன் ஏரிக் காற்று ஒருநாள் சிக்ஸர் போக வேண்டிய பந்தை உள்ளே தள்ளும், இன்னொரு நாள் சாதாரணப் பந்தை வெளியே தூக்கிப்போகும். ஆரல்வாய்மொழியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றுக்கு எதிரே நிற்பவருக்கு ஒரு கணக்கு, காற்று முதுகில் அடிக்க நிற்பவருக்கு ஒரு கணக்கு. தூரமும் நேரமும் ஒன்றாக இருந்தாலும், கடைசி நொடியில் திரும்பும் பந்து வேறு பந்து. எனவே நோட்டில் காற்றின் திசைக்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பருவக்காற்று தொடங்குவதற்கு முன் எழுதிய பக்கங்களையும், பின் எழுதியவற்றையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். அடுத்த மாவட்டத்தில் இருந்து வந்து ஆடும் டீமின் லாங் ஆன் ஃபீல்டர் அங்கே ரெண்டு கேட்ச் விட்டால், அவர் ஊர் மைதானத்தில் எழுதிய பக்கம் கிடைக்கும் வரை அவரைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.